எந்திரிக்கிற பாடம்

வகுப்பின் நடுவில் சிந்து திடீரென்று தரையில் போய்ப் படுத்துக்கொண்டாள். புதுவயல் துணை சுகாதார நிலையத்தின் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்த வயதானவர்கள் பதறிவிட்டார்கள். அமீனாவுக்குப் பக்கத்தில் இருந்த சிகப்பி ஆச்சி, "ஆத்தீ, பிள்ளைக்கு என்னாச்சு?" என்று எழப் போனாள்.

"ஒண்ணும் இல்ல ஆச்சி. நான் விழுந்துட்டேன்னு வச்சுக்கங்க. இப்ப எப்படி எந்திரிக்கிறேன்னு மட்டும் பாருங்க," என்றாள் சிந்து, மல்லாந்தபடியே.

பிசியோதெரபி படித்தவள் அவள். வயதானவர்கள் விழாமல் இருப்பதற்கான வகுப்பு என்று வியாழக்கிழமைதோறும் காரைக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். ஆறு வாரமாக, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார வைத்தாள். வீட்டிலும் தினமும் காலையில் அதைச் செய்யச் சொன்னாள். சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வைத்தாள். வீடு வீடாக வந்து, குளியலறை வாசலில் கிடந்த சாக்கையும் தேய்ந்த செருப்பையும் தூக்கிப் போடச் சொன்னாள். "எழுபது வயசுலயும் தொடைச் சதை வலுவாகும்மா" என்று அவள் சொன்னபோது அமீனா மரியாதைக்குத் தலையாட்டி வைத்தாள். சின்னப் பிள்ளை, ஆறுதலுக்குச் சொல்கிறது.

சிந்து ஒருக்களித்துப் புரண்டாள். முழங்கையை ஊன்றி, நான்கு காலில் நின்று, தவழ்ந்து போய் மர நாற்காலியைப் பிடித்தாள். ஒரு பாதத்தை முன்னால் வைத்து எழுந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். "பேரன் தவழுற வயசுல நம்மளத் தவழச் சொல்றீகளே" என்றாள் ஆச்சி. பாயில் ஒவ்வொருவராகச் செய்து பார்த்தபோது அமீனாவும் செய்தாள். சிந்துவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முட்டி வலித்தது.

அமீனாவுக்கு அறுபத்தொன்பது வயது. கணவர் இறந்தபின் தனியாகத்தான் இருந்தாள். போன வருடம் கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும்போது விழுந்து, பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பார்க்கும்வரை மூன்று மணி நேரம் வெயிலில் கிடந்தாள். எலும்பு ஏதும் முறியவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு சொந்த வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கத் தொடங்கினாள். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். ஷார்ஜாவில் இருக்கும் மகன் முஜிபுர் ரகுமான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவ விழுந்தீகன்னா வீட்டப் பூட்டிட்டு மெட்ராஸ்ல தங்கச்சிகிட்டப் போயிரணும்." மகள் வீடு ஐந்தாவது மாடியில் இருந்தது. அங்கே போய் வந்த நாட்களில் அமீனாவுக்குப் பேச்சுத் துணைக்கு டிவிதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலைப்பொழுதில் அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு அமீனா விரைந்து திரும்பினாள். குளிர்சாதனப் பெட்டியின் அடியில் கசிந்திருந்த தண்ணீரில் கால் போனது. எதையும் பிடிக்க முடியவில்லை. இடுப்பும் தோளும் தரையில் மோதின.

கையை நீட்டி கேஸ் சிலிண்டரின் குமிழை அடைக்க முடிந்தது. அவ்வளவுதான். சமையலறையின் குளிர்ந்த தரையில் கன்னம் பதியக் கிடந்தாள். அலமாரியின் மேல் செல்போன் அடித்தது. பத்து மணி, முஜிபுர்தான். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. "யா அல்லாஹ்," என்றாள். ஆச்சி குன்றக்குடிக்குப் போயிருந்தாள், சாயங்காலம்தான் வருவாள். கொல்லையில் கிடந்த அந்த மூன்று மணி நேரம் முழுதாகத் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. எழ வேண்டும் என்ற அவசரத்தில் கையை உதறி ஊன்றினாள். வழுக்கியது.

'உடனே எந்திரிக்காதீக. மொதல்ல மூச்சு விடுங்க.' சிந்து அப்படித்தான் சொன்னாள். அமீனா மூச்சு விட்டாள். விரல்களை அசைத்தாள். பாதத்தை, முட்டியை, இடுப்பை. வலித்தது, ஆனால் எல்லாம் அசைந்தன. ஒருக்களித்தாள். முழங்கையை ஊன்றி, மெல்ல மெல்ல நான்கு காலுக்கு வந்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைப் பிடித்தே விட்டாள். அது 'கிறீச்' என்று நகர்ந்தது. சறுக்கும் நாற்காலி கூடாது என்றும் சிந்து சொல்லியிருந்தாள். மரக்கட்டில் கூடத்துக்கு அந்தப்பக்க அறையில் இருந்தது. கூடத்தைத் தவழ்ந்து கடப்பதா என்று மலைத்தாள். பிறகு ஒரு கையை முன்னால் வைத்தாள். பிறகு ஒரு முட்டியை. பெருக்கித் துடைக்கும் தரைதான், ஆனால் இத்தனை நீளம் என்று இதுவரை தெரியாது. இரண்டு இடத்தில் நின்று நெற்றியைத் தரையில் சாய்த்து இளைப்பாறினாள்.

கட்டிலின் சட்டத்தில் இரு கைகளையும் வைத்தாள். வலது பாதத்தைத் தூக்கி முன்னால் பதித்தாள். அழுத்தினாள். தொடை நடுங்கியது. நடுங்கியபடியே தாங்கியது. விளையாட்டுப் போல நாற்காலியில் எழுந்து உட்கார்ந்த அத்தனை காலைகளும் எங்கேயோ போய்த் தொலைந்ததாக நினைத்திருந்தாள். இதோ, அவள் கேட்காமலே அவளுக்குள் சேர்ந்து கிடந்திருக்கின்றன. அவளைத் தரையிலிருந்து யாரோ பொறுமையாக மேலே தூக்கினார்கள். அந்த யாரோ அவள்தான் என்று புரிந்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. கட்டிலில் உட்கார்ந்து தன் தொடையின் மேல் கையை வைத்து, பிறர் பொருளைத் தொடுவது போல வெகுநேரம் வைத்திருந்தாள்.

படபடப்பு அடங்கிய பிறகு, சுவரோரமாக நடந்துபோய்ப் போனை எடுத்தாள்.

"ஏம்மா எடுக்கல? எத்தன தடவ அடிக்கிறேன்."

மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வாய் வேறு சொன்னது. "விழுந்துட்டேன்ப்பா."

"யாரும்மா தூக்கி விட்டா?"

"யாருமில்ல. நானே எந்திரிச்சேன்."

மெட்ராஸ் பேச்சு வரும் என்று காத்திருந்தாள். "எப்படிம்மா?" என்று மட்டும் கேட்டான், சின்ன வயதில் கதை கேட்கும் குரலில். அவள் முதலிலிருந்து சொன்னாள்.

அடுத்த வியாழக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. ஆச்சி ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தாள். அமீனா கன்றிப்போன இடுப்பின் வலியோடு எழுந்து நின்று நாலே வரியில் சொல்லி முடித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

பின்வரிசையில் புதிதாக வந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். வீரையா, அரிசி மில்லில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். பொங்கலுக்கு முந்தி விழுந்ததிலிருந்து, மனைவி துணைக்கு வராமல் வாசல் தாண்டாதவர்.

"நானும் ஒருக்க படுத்துப் பாக்கட்டுமாம்மா?"

சிந்து பாயை விரித்தாள். அந்தப் பெரிய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, படுத்து, புரண்டது. நான்கு காலில் நின்றபோது அவர் முதுகு அகலமாக எல்லோருக்கும் தெரிந்தது. நாற்காலி வரை தவழ்ந்தார். பலகையில் கைகளை வைத்தார். சிந்து தொடாமல் அருகிலேயே குனிந்திருந்தாள். வெளியே ஒரு நெல் லாரி ஹாரன் அடித்துப் போனது, ஒருவரும் திரும்பவில்லை. அமீனா தன்னை அறியாமல் தன் வலது பாதத்தைத் தரையில் அழுத்தியிருந்தாள். வீரையா பாதத்தைத் தூக்கி முன்னால் பதித்தார். விரல்கள் விரிந்து தரையைப் பற்றின. கெண்டைக்கால் நரம்புகள் ஒவ்வொன்றாகப் புடைத்தன. மற்ற முழங்கால், பாயை விட்டு ஒரு விரற்கடை மேலே வந்தது.