தலையசைப்பு

கிளப் என்று பெயர்தான். டயர் கடைக்குக் கீழே இருக்கும் நிலவறை. மேடையில் டிரம் செட்டைப் போட்டுவிட்டால், மற்றவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நிற்பதே பெரிய வித்தை. கூட்டம் இடமில்லாமல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றது. தாளம் மாறிக்கொண்டே இருக்கும் ப்ராக்ரஸிவ் ராக் கேட்க வருகிறவர்கள் ஆடமாட்டார்கள். தொடையில் விரலால் தாளக்கணக்குப் போடுவார்கள். ஒரு தட்டு பிசகினாலும் பரீட்சைத்தாள் திருத்துகிறவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள்.

டிரம்மருக்கு அப்படிப்பட்ட கூட்டம்தான் வேண்டியிருந்தது.

மேடையேறும் முன் கிதார்காரன் அவன் தோளில் தட்டினான். "என்ன மச்சான், மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்க? ரெக்கார்டு கம்பெனி ஆளுங்க வந்திருக்காங்க. கொஞ்சம் சிரி."

"பாட்டு முடியட்டும் மாப்ள. சிரிக்கிறேன்."

டிரம்மரின் தங்கையைக் கட்டியவன் அவன். விவாகரத்தாகி வருஷம் திரும்பிவிட்டது. முறை சொல்லிக் கூப்பிடுவது மட்டும் இரண்டு பேர் வாயையும் விட்டுப் போகவில்லை. இதே குழுவில் கீபோர்டு வாசித்தவள் தங்கை. ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும் அந்தப் பெரிய பாட்டை, சமையலறை மேஜையில் ஹெட்போனோடு உட்கார்ந்து, அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் உருவாக்கியவள். வீட்டை விட்டு அனுப்பிய கையோடு குழுவை விட்டும் அவளை அனுப்பினான் கிதார்காரன். போன மாதம் ஆல்பம் வந்தது. இசை என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும் இருந்தது.

தங்கை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "போகட்டும் விடுண்ணா" என்றாள். கீபோர்டைத் துணி போட்டு மூடினாள். அப்புறம் திறக்கவே இல்லை.

அண்ணனால் விட முடியவில்லை.

அவனுக்கு ஒன்று தெரியும். கிதார்காரனுக்கு விரலில் மின்னல் இருந்தது, தலையில் கணக்கு இல்லை. பாட்டின் கடைசிப் பகுதி ஏழு தட்டாகப் போகும், ஐந்தாக உடையும், திடீரென்று பதினொன்றாக நீளும். அதன்மேல் கிதார் ஒரு சின்ன மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, சுற்றுக்கு ஒரு தடவை வரும் சரியான இடத்தில் முடிவுக்குத் தாவ வேண்டும். அந்த இடம் எது என்று கற்றுக்கொள்ள அவன் மெனக்கெட்டதே இல்லை. முன்பு தங்கை தலையசைப்பாள், தாவுவான். அவள் போன பிறகு அந்த வேலை டிரம்மரிடம் வந்து சேர்ந்தது.

கிதார்காரன் மைக்கைப் பிடித்தான். "அடுத்தது, உயிரைப் பிழிஞ்சு நான் எழுதினது."

கைதட்டல். டிரம்மர் குச்சிகளை இறுக்கினான்.

தங்கையின் பாட்டு என்பதால் ஒரு தட்டுகூடச் சிதறாமல் வாசித்தான். கடைசிப் பகுதி வந்தது. கிதார்காரன் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தான். டிரம்மர் அவனைக் கண்ணோடு கண் பார்த்தான். தலை அசையவில்லை. தாவ வேண்டிய இடம் கடந்து போனது.

கிதார்காரனின் புருவம் உயர்ந்தது. புதுக் கீபோர்டுக்காரனும் பேஸ் கிதார்காரனும் டிரம்மைப் பின்தொடர, மெட்டு மறுபடி சுற்றியது. அடுத்த இடமும் போனது.

"புதுசா மாத்திட்டாங்க போல" என்றார் முன்னால் நின்ற தாடிக்காரர், பக்கத்திலிருந்தவரிடம்.

கிதார்காரன் குத்துமதிப்பாக ஒரு தடவை தாவினான். கீபோர்டு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கூட்டம் முகத்தைச் சுளித்தது. பதறிப்போய்ப் பழைய மெட்டுக்கே திரும்பினான். கழுத்தில் வியர்வை வழிந்தது. மைக் வாய்க்கு நேரே இருப்பது மறந்துவிட்டது.

"மச்சான், தலைய ஆட்டித் தொலைடா! எங்க முடிக்கணும்னு எனக்குத் தெரியாது!"

நிலவறை முழுக்க அது அதிர்ந்தது. தூணருகில் யாரோ களுக்கென்று சிரித்தார்.

டிரம்மர் கையை நிறுத்தாமல் தன் மைக்கை நோக்கிக் குனிந்தான். "நீ எழுதினதுதானே மாப்ள? எண்ணு."

சிரிப்பு பரவியது. ரெக்கார்டு கம்பெனி ஆட்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"வரலையா? அப்ப நான் சொல்லிடறேன். இதை எழுதினது என் தங்கச்சி. அவளுக்கு எண்ணத் தெரியும்."

சரியான இடம் வந்ததும் முடிவை அடித்து, அதிர்ந்துகொண்டிருந்த வெண்கலச் சிம்பலைக் கையால் பிடித்து அடக்கினான். கீபோர்டும் பேஸ் கிதாரும் அவனோடு சேர்ந்து முடித்தன. குச்சிகளை மடியில் வைத்தான்.

யாரும் தலையசைக்காததால் கிதார்காரன் மட்டும் அந்தச் சின்ன மெட்டை இன்னும் வாசித்துக்கொண்டிருந்தான்.

டிரம்மர் சொன்னபடியே சிரித்தான்.