இடம் சரியில்ல

"நாலு மில்லிமீட்டர்தான்," என்றார் டாக்டர்.

அம்மா உடனே என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து இரண்டு வாரமாகியிருந்தது. தலைவலிக்கென்று எடுத்த ஸ்கேனில் வேறொன்று தெரிந்திருந்தது. அவள் மூளையில் ஒரு ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி உப்பியிருந்தது.

"சின்னதுதான். ஆனா அது இருக்கற இடம் சரியில்லம்மா…"

"எங்க வீட்லயும் அதே கதைதான் டாக்டர்," என்று அம்மா என்னைக் காட்டினாள். "இவளுக்கு வர்ற இடம் ஒண்ணுகூட சரியில்ல."

டாக்டர் சிரித்துவிட்டார். நர்ஸும் சிரித்தாள். நான் குனிந்துகொண்டேன். சிரிப்பு அடங்கியபோது அந்தப் பேச்சு விட்டுப்போயிருந்தது. பிரஷர் மாத்திரை எழுதினார். ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் என்றார்.

"ஏதாவது கேக்கணுமா?" என்று என்னைக் கேட்டார். விலங்கியல் படித்தவள் நான். இல்லை என்று தலையாட்டினேன்.

அப்பா பிளம்பர். வேலையிலிருந்து நேராக வந்ததால், சேற்றுக் காலோடு உள்ளே வரக் கூச்சப்பட்டு வெளியிலேயே நின்றிருந்தார்.

"நாலு மில்லிமீட்டராம்! உங்க வாஷர்கூட அதைவிடப் பெருசு," என்றாள் அம்மா.

"அளவு கெடக்கட்டும். எங்க இருக்காம்?"

"தலையிலதான். பின்ன என்ன, முட்டியிலயா?"

அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். ரிப்போர்ட்டை மறந்துவிட்டேன் என்று சொல்லி நான் மட்டும் திரும்பிப் போனேன்.

"இதே நாலு மில்லிமீட்டர் முன்பக்கத்துக் குழாய்ல இருந்திருந்தா நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன்," என்றார் டாக்டர். "இது பின்பக்கக் குழாயோட உச்சி. இங்க சின்னதா இருந்தாலும் வெடிக்கிற வாய்ப்பு அதிகம். உள்ள போய் அடைக்கலாம்னா, உங்கம்மாவுக்கு அந்த உப்பலோட வாய் அகலமா இருக்கு. கை வைக்கிறதே ஆபத்து."

"அப்ப என்ன பண்றது?" என்றேன்.

"பிரஷரைக் கட்டுப்பாட்டுல வைங்க. பார்த்துக்கிட்டே இருப்போம்."

அம்மா மாத்திரை வாங்க வரிசையில் நின்றாள். ரிப்போர்ட் உறையின் பின்புறம் அப்பாவுக்கு வரைந்து காட்டினேன். பின்கழுத்து வழியாக இரண்டு குழாய் ஏறி ஒன்றாகிறது. மேலே போய் முட்டி, இடமும் வலமுமாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

"டீ ஜாயிண்ட்," என்றார் அப்பா. "தண்ணி நேரா வந்து மோதற எடம்."

"ஆமாப்பா."

"கழட்டி மாத்த முடியாதா?"

"ரொம்ப ஆழத்துல இருக்குப்பா."

"சுவத்துக்குள்ள போன ஜாயிண்ட்." உறையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அவகிட்ட சொல்லாத."

அம்மா வரிசையில் முன்னால் நின்றவளிடம் நான்கு விரலைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சமையலறைக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது.

"என்னங்க! பிளம்பர் வீட்ல தண்ணி வரல. வெளிய சொன்னா சிரிப்பாங்க!"

மாடிக்குப் போனேன். அப்பா தண்ணீர்த் தொட்டி அருகே நின்றிருந்தார். வால்வை முக்கால்வாசி மூடியிருந்தார். கை இன்னும் அதன் மேலேயே இருந்தது.

"பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தியா இருந்துச்சு," என்றார்.

இந்த வால்வுக்கும் அம்மாவின் பிரஷருக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கும் தெரியும்.

"அப்பனும் மகளும் செவிடா?" கீழே அம்மாவின் குரல் ஏறியது. "எவ்வளவு நேரம் கத்தறது!"

"கத்தாதடி," என்றார் அப்பா, தொட்டியைப் பார்த்தபடி. "கத்தாத."

அவளுக்குக் கேட்டிருக்காது.