வாளிக்குள் போன அழுத்தம்

முள் மறுபடியும் விழுந்திருந்தது.

நெவில் தாக்ரே சமையலறைத் தரையில் மண்டியிட்டு, பாய்லரின் அழுத்தமானியில் டார்ச் அடித்தார். நேற்று இரண்டுக்கு மேல் ஏற்றிவைத்த முள், இன்று பூஜ்யத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. தரையில் ஈரமில்லை. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் கசிவில்லை. தண்ணீர் எங்கேதான் மாயமாகிறது?

தண்ணீர் நிரப்ப, அடியிலிருந்த குழாயைத் திருகினார். உஸ்ஸ்ஸ்...

"மறுபடி ஊத்திக் குடுக்கிறியா?" வாசலில் மனைவி க்ளெனிஸ். "உன்கூட இருந்து அதுக்கும் குடிப்பழக்கம் வந்துடுச்சு."

"இன்னும் கொஞ்ச நாள் ஓடும், க்ளெனிஸ்."

"திங்கக்கிழமை புது பாய்லர் வருது. சுடுதண்ணி டாங்கையும் கழட்டிடுவாங்க. அது இருக்கிற மாடி அலமாரியைக் காலி பண்ணு."

நெவில் மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். அவர் உயிரே அந்த அலமாரியில்தான் இருந்தது. டாங்கின் கதகதப்பில், துண்டுகளுக்கு நடுவே, ஒரு ஜாடி பீர் மெல்லக் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. ஹாலிஃபாக்ஸ் கிளப்பின் வீட்டு பீர்ப் போட்டியில் வருஷா வருஷம் கடைசி இடம் அவருக்குத்தான். இந்தத் தடவை தப்பித்தாக வேண்டும். சூடு நின்றால் ஈஸ்ட் தூங்கிவிடும். பிறகு மறுபடியும் கடைசி நாற்காலிதான்!

வெள்ளிக்கிழமை புது பாய்லருக்கு அளவெடுக்க வந்த மெக்கானிக் ருக்ஸானாவைக் கடைசி நம்பிக்கையோடு பார்த்தார். அவள் பாய்லரின் மூடியைக் கழற்றி, ஒரு வால்வை அழுத்தினாள். காற்று வரவேண்டிய இடத்தில் தண்ணீர் பீய்ச்சியது.

"உள்ள இருக்கிற காத்துக் கலம் போச்சு சார். தண்ணி சூடாகி விரியும்போது அதுதான் இடம் குடுக்கணும். இடமில்லாத தண்ணி வெளிக் குழாய் வழியா ஓடிடுது."

"வெளியிலயும் ஈரமே இல்லையேம்மா!"

மூவரும் வீட்டின் பக்கவாட்டுக்கு ஓடினார்கள். சுவரிலிருந்து எட்டிப் பார்த்த செம்புக் குழாயின் கீழே, ஒரு சிவப்பு வாளி. அதைத் தூக்கக் குனிந்திருந்தார் பக்கத்து வீட்டு க்ளிஃபோர்ட் ஹெய்க். காலில் வீட்டுச் செருப்பு.

"க்ளிஃபோர்ட்! என்ன இது?"

"என் பக்கம் சொட்டுச்சு. கிறிஸ்துமஸ்லேருந்து வாளி வெக்கிறேன்."

"ஏன்யா சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ டீ குடுத்தே, கேக்கும் குடுத்தே. அப்புறம் எப்படிச் சொல்றது? உன் மனசு நோகுமேன்னு..."

க்ளெனிஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

ருக்ஸானா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "காத்து அடிச்சுத் தர்றேன், திங்கள் வரைக்கும் இழுக்கும். ஆனா உள்ளெல்லாம் துரு, மாத்தித்தான் ஆகணும். பாய்லரைச் சுத்தி இடம் விடுங்க, கம்பளத்துக்கு மேல விரிப்பு போடுங்க. அன்னிக்குப் பூரா சூடு இருக்காது. எனக்கு டீ வேணும், கெட்டிலை மட்டும் எடுத்து ஒளிச்சு வெச்சிடாதீங்க!"

ஞாயிறன்று க்ளெனிஸ் துண்டுகளை மூட்டை கட்டினாள். நெவில் ஜாடியைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அடித்தார்.

"க்ளிஃபோர்ட், உன் டாங்க் அலமாரியில இதுக்குக் கொஞ்சம் எடம் கிடைக்குமா?"

க்ளிஃபோர்டின் முகம் வெளுத்தது. "அது... வந்து... சரி, வா."

அலமாரி திறந்தது. நெவில் எட்டிப் பார்த்தார்.

உள்ளே இன்னொரு ஜாடி! குமிழியிட்டுக்கொண்டிருந்தது.

"இந்த வருஷம் நானும் போட்டியில சேர்ந்திருக்கேன்," என்று க்ளிஃபோர்ட் தரையைப் பார்த்து முனகினார். ஆனாலும் தன் ஜாடியை ஓரமாகத் தள்ளி, அதிகச் சூடான பக்கத்தை நெவிலுக்கு ஒதுக்கினார். பிறகு முதலில் போட்டு முடித்திருந்த பீரில் ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினார்.

"முதல் முயற்சி. ஒளிக்காம சொல்லு நெவில். ஏதாவது மாத்தணுமா?"

நெவில் ஒரு வாய் குடித்தார். ரேடியேட்டரின் காற்றைத் திறந்துவிடும்போது கடைசியில் வருமே ஒரு கறுப்புத் தண்ணீர், அச்சு அசல் அதே ருசி. கண்ணில் நீர் முட்டியது. எதிரே க்ளிஃபோர்டின் கண்கள் ஆவலோடு மின்னின. உண்மையைச் சொன்னால் மனுஷன் திருத்திக்கொள்வார். சொல்லாவிட்டால், கடைசி நாற்காலிக்கு ஆள் கிடைத்துவிட்டது.

நெவில் சிரமப்பட்டு விழுங்கினார்.

"பிரமாதம்! ஒண்ணையும் மாத்தாதே."

பாவம், மனசு நோகுமே.