சிவப்புப் பயத்தங்காய் விதை

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கதிர்காமநாதனுக்கு ஒரு விதைக்கடை இருந்தது. விதைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை புஷ்பராணிக்கு. பினாங்கின் ஈரக்காற்றில் பயத்தங்காய் விதை அதிக நாள் தாங்காது. மேலுக்கு நன்றாகத்தான் தெரியும். கிடங்கில் கிடந்தபடியே உள்ளே செத்துப் போயிருக்கும். இதற்கு ஏதாவது வழி பார்க்கவேண்டும் என்று 1985-இல் அவளாகவே முனைந்தாள். ஒரு பங்கு விதைக்கு மெல்லிய சிவப்புச் சாயப் பூச்சு கொடுத்து, நிழலில் நன்றாக உலர்த்திக் கட்டி வைத்தாள். இன்னொரு பங்கை வெறுமனே வைத்தாள். மறுவருஷம் இரண்டையும் ஈரத்துணியில் முளைக்கப் போட்டாள். பூசாத விதையில் பாதிக்குமேல் அழுகிப்போயிற்று. பூச்சு ஈரத்தை உள்ளே விடாததால் சிவப்பு விதை அநேகமாக முழுவதும் முளைத்துவிட்டது. அன்று டத்தோ கிராமாட்டில் இருந்த வீடுவரை அவள் நடந்தே போனாள். பஸ் ஏறவேண்டும் என்றே தோன்றவில்லை.

சிவப்பு விதைக்குப் பேர் வந்தது. ஆயர் ஈத்தாமில் நிலத்தை வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடும் வாசு, வேறு விதையைத் தொடுவதில்லை. கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்க நல்ல சரக்கு போதவில்லை. ஒருநாள் புஷ்பராணி கிடங்குக்குள் போனபோது, அவள் கழித்துப்போட்ட பழைய விதைக்கு ஆட்கள் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"முதலாளி, இது செத்த சரக்கு. நான் டெஸ்ட் பண்ணிட்டேன். சாயம் இருக்கிற உயிரைத்தான் காப்பாத்தும், போன உயிரைக் கொண்டுவராது."

கதிர்காமநாதன் தலை நிமிரவில்லை. "முளைக்கலன்னா மழையைத் திட்டுவாங்க. நீ உன் வேலையைப் பாரு லா."

வாசு வந்தால் காதோடு சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த வாரம் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்து, ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தாள். திரும்பி வந்தபோது வாசு விதை வாங்கிப் போயிருந்தான்.

அவள் உடனே ஆயர் ஈத்தாமுக்கு ஓடினாள். பாத்தியெல்லாம் விதைத்து, தண்ணீரும் விட்டு முடித்திருந்தார்கள். ஐந்தாறு நாளாகியும் ஒரு முளைகூட எழும்பவில்லை. வாசுவின் மனைவி ருக்குமணி மண்ணைக் கிளறி ஒரு விதையை எடுத்து நசுக்கினாள். சாம்பல் நிறத்தில் கூழ் பிதுங்கியது.

"கலர் மட்டும் அப்படியே இருக்குக்கா."

புஷ்பராணி நடந்ததைச் சொன்னாள். சோதனைக்கென்று எடுத்துவைத்திருந்த நல்ல விதையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "இது முளைக்கும். நானே பூசினது."

வாசு அதைப் பார்த்தான், கை நீட்டவில்லை. "உங்களைக் குறை சொல்லலக்கா. ஆனா இந்தச் செவப்பை இனிமே என் மண்ணுல போடமாட்டேன்."

வேறு விதை தேடி வாங்குவதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது. அந்தப் போகம் போயிற்று. வாடகை கட்ட முடியாமல் நிலத்தை விட்டுவிட்டு, வாசு பட்டர்வொர்த்தில் மூட்டை தூக்கப் போனான்.

புஷ்பராணி வேலையை விட்டாள். அப்பாவை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். வருகிறவர்கள் சாயம் போகுமா என்று கேட்கும்போதெல்லாம் துணியின் ஓரத்தை நனைத்துத் தேய்த்துக் காட்டிவிடுவாள்.

அந்தச் சரக்கை வாங்கிய மற்றவர்களுக்கும் முளைக்கவில்லை. கலர் விதை என்றாலே தோட்டக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கதிர்காமநாதன் பழையபடி பூசாத விதையையே விற்றார். அது பழையபடி கிடங்கில் செத்துக்கொண்டிருந்தது.