தசமியா சதுர்த்தசியா

...அமாவாசை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், செத்த நாள் தெரியாதவனுக்கு அந்த மாதத்து அமாவாசை போதும், சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்று புரோகிதம் பண்ணிவைக்கிற வாத்தியாரே வழி விட்டிருந்தார், மன்னிதான் ஒத்துக்கொள்ளவில்லை. அமாவாசை எல்லாருக்கும் பொது, அவருக்குன்னு ஒரு நாள் வேண்டாமா, நீ பேப்பர் ஆபீஸ்ல இருந்தவன், உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியப்போறது, நாளைக்குக் காலம்பற கரமனைக்குப் போய் வாத்தியார்ட்ட திதியைச் சொல்லிட்டு வந்துடு. நேற்று சாயங்காலம் இவ்வளவுதான் பேசினாள் சீதாலக்ஷ்மி மன்னி, பேசிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். இப்போது பிச்சுமணி ஸ்ரீவராகத்துத் தெருவைத் தாண்டிக் கிழக்கே கோட்டை வழியாக நடந்துகொண்டிருந்தான், சட்டைப்பையில் மூன்று காகிதங்கள், ரேடியோவில் கேட்டுக் குறித்தது, சர்க்கார் அறிக்கை, கப்பல் கம்பெனிக் கடிதம், மூன்றும் மடித்து மடித்துக் கிழியும் பதத்தில். அண்ணா கல்யாணராமன் சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பன்னிரண்டு வருஷம் வராதவனை இனி வரமாட்டான் என்று வைத்துக்கொள்ளலாம், புரசங்காம்பு, புரச இலையின் காம்பு, முந்நூற்றறுபது எடுத்து, தலைக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை, கைக்கு இத்தனை என்று கட்டி, அதை ஓர் ஆளாகப் பாவித்து எரித்துவிடலாம், அன்றைக்கு மன்னி தாலியைக் கழற்றுவாள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் திவசம் செய்யத் திதி வேண்டும், திதிக்கு நாள் வேண்டும், நாள் வேண்டுமென்றால் அந்த ஜலசந்தியில் கப்பல் கண்ணிவெடியில் மோதியது எப்போது என்று யாராவது நிஜத்தைச் சொல்லியிருக்க வேண்டும்... யார் சொன்னார்கள்? யுத்தத்தில் எவன் நிஜம் சொன்னான்?

ஜப்பான்காரன் ரேடியோவில் சொன்னான், பிப்ரவரி பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, சிங்கப்பூருக்குத் தெற்கே ஜலசந்தி முழுக்கக் கண்ணிவெடி போட்டிருக்கிறோம், இன்ன கப்பல் மூழ்கியது என்று பெயரையும் சொன்னான், ஆனால் அதே ரேடியோ வேறொரு கப்பலை ஒரே மாதத்தில் மூன்று தடவை மூழ்கடித்திருக்கிறது. இங்கிலீஷ்காரன் அறிக்கை விட்டான், எந்தக் கப்பலும் சேதமில்லை, எல்லாம் எதிரியின் புரளி. யுத்தம் முடிந்து நாற்பத்தாறில் கப்பல் கம்பெனி கடிதம் போட்டது, பதினான்காம் தேதியோ அதை ஒட்டியோ கண்ணிவெடியில் மோதி மூழ்கியதாகக் கருதப்படுகிறது, வருந்துகிறோம். யாருடைய கண்ணிவெடி என்று கடிதத்தில் இல்லை. பத்து என்றால் தை மாதம் தேய்பிறை தசமி. பதினாலு என்றால் மாசி பிறந்துவிட்டது, சதுர்த்தசி, சிவராத்திரிக்கு மறுநாள். இந்த வருஷம் தசமி இன்னும் ஆறு நாளில் வருகிறது, சதுர்த்தசிக்கு ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கிறது. எரிக்கிறதும் அந்தத் திதியில்தான், அதாவது தசமி என்று சொன்னால் மன்னியின் நெற்றியில் குங்குமம் இன்னும் ஆறு நாள், சதுர்த்தசி என்றால் ஒரு மாதம் கூட. பிச்சுமணிக்கு என்ன? அவனுக்கு இதில் ஒன்றுமில்லையா... இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, அது தெரியாமலா கால் இப்படி இழுக்கிறது.

பி.ஏ.யைப் பாதியில் விட்டுவிட்டு மதராஸில் ஒரு பத்திரிகையில் ராத்திரி டியூட்டி பார்த்தான், தந்தியில் வருகிற யுத்தச் செய்தியைத் தமிழில் பெயர்ப்பது வேலை. பிப்ரவரி ஒன்பதாம் தேதி வந்த செய்தி இன்னும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது, ஜலசந்தியில் கண்ணிவெடிகள் இருப்பதாக உறுதிப்படுத்தும் தகவல் எதுவும் இதுவரை வரவில்லை. அவ்வளவுதான். வரவில்லை என்றால் வரவில்லை, இல்லை என்று அர்த்தமில்லை. ஆனால் அச்சுக்கோக்கிறவன் வந்து நின்றான், சார், அடியில ஒரு வரிதான் எடம் இருக்கு, மேல ஊறுகாய் விளம்பரம், அதத் தூக்க முடியாது. பிச்சுமணி பென்சிலை எடுத்து அடித்து எழுதினான், ஜலசந்தியில் கண்ணிவெடி இல்லை, கப்பல்கள் பத்திரம். ஒரு வரியில் அடங்கிற்று, அழகாகக்கூட இருந்தது. காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகையைப் பிரித்தவன், ஈரம் காயாத அந்த வரியைப் படித்தான், படித்துவிட்டு நம்பினான். தான் எழுதியது என்று தெரியும். இடம் போதாமல் வெட்டியது என்று தெரியும். அச்சில் வந்ததும் வேறு யாரோ விசாரித்துச் சொன்னதுபோல் ஆகிவிட்டது. முதல்நாள்தான் அண்ணாவிடமிருந்து தந்தி வந்திருந்தது, கப்பலில் இடம் கிடைக்கும், ஜலசந்தி பற்றிப் பயமுறுத்துகிறார்கள், வரவா, இருக்கவா. நேராகத் தந்தி ஆபீஸுக்குப் போய், வழி பத்திரம் உடனே புறப்படு என்று அடித்தான். கையோடு மன்னிக்கும் ஒரு கார்டு, அண்ணாவுக்கு இன்று தந்தி கொடுத்திருக்கிறேன், கவலைப்பட வேண்டாம், பிப்ரவரி பத்து என்று தேதி போட்டு. சிங்கப்பூரிலேயே இருந்துவிட்டவர்கள் நாற்பத்தாறில் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள், இளைத்துப்போய், பல் போய், ஆனால் வந்தார்கள்.

கணக்கு இவ்வளவுதான், சின்னப் பிள்ளைகூடப் போடும். கப்பல் பத்தாம் தேதி மோதியது என்றால் ஒன்பதாம் தேதியே துறைமுகத்தை விட்டிருக்கிறது, அண்ணா பதிலுக்குக் காத்திராமல் ஏறிவிட்டான், தந்தி அவன் கையில் கிடைக்கவே இல்லை, பிச்சுமணி பேரில் குற்றமில்லை. பதினான்கு என்றால் பன்னிரண்டாம் தேதி வாக்கில் கிளம்பியிருக்கிறது, அண்ணா தந்தியைப் படித்திருக்கிறான், ஒருவேளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கப்பல் ஏறியிருக்கிறான்... அந்தக் கார்டைப் பற்றி மன்னி ஒரு தடவைகூடப் பேசியதில்லை. வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து அவளோடு இருக்க ஆரம்பித்து எட்டு வருஷமாகிறது, சாலைக் கடைத்தெருவில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறான், அவள் சோறு போடுகிறாள், மோர் போறுமா என்று கேட்கிறாள், கார்டைப் பற்றிக் கேட்டதில்லை. மறந்திருப்பாளோ? அவளா?

சாலைக் கடைத்தெருவில் கொப்பரை மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன, வண்டிமாடு ஒன்று நடுவில் நின்று நகரமாட்டேன் என்றது, அதற்குப் பின்னால் தேர்தல் கார் ஒன்று மாட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியில் மலையாளத்தில் எங்கள் வெற்றி உறுதி என்று மாட்டுக்கே சொல்லிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு ஓட்டு விழவில்லை, அதற்குள் உறுதி. கடை வாசலில் நின்ற ஆறுமுகநயினார், பலசரக்கு மொத்த வியாபாரம், நாஞ்சில்நாட்டு மனுஷர், பார்த்துவிட்டார். என்ன சாமி, காலத்தே எறங்கியாச்சு, பேப்பர்காரருக்கு ஜெயிக்கது ஆருன்னு தெரிஞ்சிருக்குமே, என்றார். நான் பேப்பரை விட்டு எட்டு வருஷம் ஆச்சு நயினாரே. விட்டாலும் கை சும்மா இருக்குமா, கேட்டேளா, யுத்தத்துல உங்க பேப்பர்ல தெனம் ஜப்பான்காரனுக்க கப்பல் முங்கும் இல்லியா, நான் ஒரு நோட்டுல கூட்டிக்கிட்டே வந்தேன், கடைசில பாத்தா அவனுக்க கிட்ட மொத்தத்துல அத்தன கப்பலே கெடையாது. குமாஸ்தா சிரித்தான், நயினார் சிரிக்கவில்லை. அப்ப மிச்சக் கப்பல ஆரு சாமி செஞ்சு குடுத்தா, நீங்களா? ஆமாம், நான்தான், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு கப்பல் கட்டுவேன், என்று சொல்லிவிட்டு நடந்தான், நயினார் இப்போது சிரித்தார், அது வெறும் கேலி இல்லை என்று பிச்சுமணிக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

நயினாராவது நோட்டுப் போட்டுக் கூட்டிப் பார்த்தார். நாம் எதைக் கூட்டிப் பார்த்தோம்... இல்லை, பார்த்தோம், நாற்பத்தேழில் விழிஞ்ஞம் போய் யோசுவாவைத் தேடிப் பிடித்தோமே. மீன்பிடிக்கிற ஆள், யுத்தத்தில் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய், அந்த ஜலசந்தி வழியாகவே அதே வாரம் உயிரோடு வந்தவன். மணலில் உட்கார்ந்து வலைக்கண்ணியைப் பிரித்துக்கொண்டே பேசினான். கண்ணிவெடி, மைன், இருந்ததா? இருந்நு சாரே, கறுத்த பானை போல, கொம்பு வச்சது, ஒண்ணு எங்க கப்பலுக்கு இத்தற பக்கத்துல போச்சு. யார் போட்டது, ஜப்பான்காரனா? யோசுவா பல்லால் நூலைக் கடித்தான். அவனும் போட்டான், இங்கிலீஷ்காரனும் போட்டான், இவன் போட்ட எடம் இவனுக்க கப்பல்காரனுக்கே சொல்லல்ல, கேட்டா ரகசியம்னான், மைன்ல பேரொண்ணும் எழுதியிருக்காது சாரே. சரி, அண்ணாவின் கப்பல்? கண்டேன், ஜலசந்திக்கு இந்தப் பக்கம் நங்கூரம் போட்டு நிண்ணது, பெறவு ராத்திரியில ஒரு சத்தம் கேட்டுது, அதுதானோ வேறயோ. என்றைக்கு? யோசுவா நிமிர்ந்து பார்த்த பார்வை, பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல. கடல்ல உயிரும் கையில புடிச்சு நிக்கும்போ கிழமை ஆரு பார்த்தா சாரே. பார்த்தவன் ஒருவன், அவன் ஒருவன்தான் தேதி சொல்லவில்லை. பார்க்காதவர்கள் எல்லாரும் தேதி சொன்னார்கள், ரேடியோக்காரன், கம்பெனிக்காரன், இன்றைக்கு நான்...

கிள்ளிப்பாலம் தாண்டியபோது வெயில் ஏறிவிட்டது. சதுர்த்தசி என்றே சொல்லிவிடுவது. கம்பெனிக்கு அந்தத் தேதியில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, ஆகவே பொய் சொல்லக் காரணமில்லை, ரேடியோக்காரன் பொய்யன் என்பது ஊருக்கே தெரியும். சதுர்த்தசி. அண்ணா தந்தியைப் படித்தான், ஏறினான், செத்தான். வருஷா வருஷம் சிவராத்திரி கழிந்த மறுநாள் மூன்று பிண்டம் வைக்கும்போது அதைத் தெரிந்துகொண்டே வைக்க வேண்டும், அதுதான் நியாயம், பன்னிரண்டு வருஷமாகச் செய்யாத ஒரு காரியத்தை இன்றைக்காவது செய்வது. மன்னிக்கும் ஒரு மாதம் கிடைக்கும். ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்பது வேறு. நல்லதுதான். மனசு லேசானதுபோல் இருந்தது, இப்படி லேசாகிறபோதெல்லாம் எதையோ தப்பாகச் செய்யப்போகிறோம் என்றும் அவனுக்குத் தெரியும்.

ராமசுப்ரமணிய வாத்தியார் கூடத்தில் உட்கார்ந்து தர்ப்பையை நீளம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார், பக்கத்தில் பஞ்சாங்கம், கண்ணாடி ஒரு பக்கம் நூலால் கட்டியிருந்தது. வாரும் ஓய், உக்காரும், காப்பி சாப்பிடறீரா, என்றார். வேண்டாம் மாமா. அப்போ சொல்லும், யோசிச்சீரா, எந்தத் திதி? பிச்சுமணி வாயைத் திறந்தான். சதுர்த்தசி என்ற சொல் நாக்கில் இருந்தது, நிச்சயமாக இருந்தது, அதன் முதல் எழுத்தைக்கூட உருட்டிவிட்டான், அப்போது தண்ணீர் தெரிந்தது, இருட்டில் கறுப்பாய், அண்ணா கம்பியைப் பிடித்து நிற்கிறான், சட்டைப்பை புடைத்திருக்கிறது, அதில் மடித்த காகிதம்... தசமி, என்றான். தை மாசம் கிருஷ்ணபட்ச தசமி. நல்லா விசாரிச்சாச்சு மாமா, பத்தாம் தேதிதான், சந்தேகமே இல்லை. குரல் எவ்வளவு தெளிவாக வந்தது, ஒரு வரிக்கு மேல் போகாமல்.

வாத்தியார் பேனாவை எடுக்கவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டி, தையின் தசமிக்கு எதிரே விரலை வைத்துக் காட்டினார், கல்யாணராமன் என்று பென்சிலால் எழுதியிருந்தது. உங்க மன்னி போன வாரமே என்னைக் கோவில்ல பார்த்துச் சொல்லிட்டா, என்றார். பிச்சுமணி தசமின்னுதான் சொல்லுவான், அதையே வெச்சுக்கலாம், ஆனா நீங்க முன்னாடி சொல்லிடாதேங்கோ, அவன் வாயாலேயே வரட்டும்னா. பிச்சுமணி அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போன வாரமேவா? அப்படியென்றால் நேற்று அவள் கேட்டது? நான் சதுர்த்தசின்னு சொல்லியிருந்தா, என்று கேட்டான். அதையும் நான் கேட்டேன் ஓய், வாத்தியார் தர்ப்பையை ஒரு பிடியாகச் சேர்த்துத் தரையில் தட்டி நுனியைச் சமப்படுத்தினார். சொல்லமாட்டான்னா. சிரிச்சுண்டு சொன்னாளா, வருத்தமாச் சொன்னாளா, என்றான் பிச்சுமணி. எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாதுப்பா, பிரதட்சிணம் பண்ணிண்டே சொன்னா, சரி, புரசங்காம்புக்கு ஆள் சொல்லியாச்சு, நீர் நெல்லுப்பொரி மட்டும் வாங்கி வெச்சுடும்.

வெளியே வந்து செருப்பை மாட்டினான், இடது கால் வலதில் போயிற்று, கழற்றி மாற்றினான். அவளும் கூட்டிப் பார்த்திருக்கிறாள், கார்டை வைத்துக்கொண்டு, தேதியை வைத்துக்கொண்டு, எத்தனை வருஷமாகவோ. பார்த்துவிட்டு ஒரு மாதத்தை விட்டுக்கொடுத்திருக்கிறாள். எனக்காகவா? போகட்டும், அவன் இந்த நாளில் ஒளிந்துகொள்ளட்டும் என்றா, இல்லை, இவன் இவ்வளவுதான், இதற்கு மேல் இவனிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்றா? இரண்டும் ஒன்றேதானோ... பத்தாம் தேதி நிஜமாகவே இருக்கலாம், ரேடியோக்காரன் ஒரு தடவையாவது உண்மை சொல்லியிருக்கக் கூடாதா, யார் கண்டார்கள். வந்த வழியே நடந்தான். சாப்பிட உட்காரும்போது மன்னி இலையைப் போட்டுவிட்டு, வாத்தியார்ட்ட என்ன சொன்னே என்று கேட்பாள், ஒன்றும் தெரியாதவள்போல. முகத்தைப் பார்த்துக் கேட்பாளா, பரிமாறிக்கொண்டே கேட்பாளா என்று அவனுக்குத் தெரியவில்லை, எட்டு வருஷம் அந்தக் கையால் சாப்பிட்டும் அவன் அதைக் கவனித்ததே இல்லை.