கெலாவுக்கு வந்த பீப்பாய்

சோதனைக் குழாயைக் குலுக்கினேன். மறுபடியும் சிவப்பு. வந்த ஆத்திரத்தில் மருந்து பாட்டிலை ரோட்டில் வீசியிருப்பேன்.

மலைமேல் கோலா தெர்லா என்ற ஊரில் எங்கள் டீக்கடை. உள்ளே ஆறடித் தொட்டி, அதில் கெலா என்ற ஆற்று மீன் ஒரே ஒன்று. விரல் நீளத்தில் வாங்கி என் கையால் வளர்த்தது. கூட இருந்த இரண்டும் செத்துப்போயின. தண்ணீரில் நைட்ரேட் ஏறிக் கிடந்தது. மருந்து மஞ்சளாக நின்றால் நல்லது, சிவந்தால் ஆபத்து.

"தைப்பூசத்துக்குள்ள சரியாவலன்னா மீன ஈப்போல தம்பிகிட்ட குடுத்துருவேன். இதுவும் சாவறத பாக்க முடியாதுலா," என்று என் வீட்டுக்காரர் லிங்கேஸ்வரன் சொல்லிவிட்டார்.

நான் விடுவேனா? பீங்கான் வளையங்களை வாங்கி வடிகட்டி நிறையக் கொட்டினேன். தினமும் பழைய தண்ணீரை இறைத்து, ஓடையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். இந்த மலையில் ஓடைத் தண்ணீரை யார் சந்தேகப்படுவார்கள்? எங்கள் கடைப் பலகையிலேயே 'அசல் மலைத் தண்ணீர் டீ' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் மாற்ற மாற்றச் சிவப்பு கூடியது.

அன்று கோபத்தில் அந்தக் குழாய்த் தண்ணீரிலேயே மருந்தை விட்டேன். தொட்டியைவிடச் சிவப்பு! மேலே தேயிலை முடிகிற இடத்தில் ஒரு காய்கறித் தோட்டம். அங்கே கோழி எரு லோரி லோரியாக இறங்கும். மழையில் கரைந்து ஓடையில்தான் கலக்கும். மீனுக்குத் தினமும் உரம் போட்டிருக்கிறேன்! அழ வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பாக வந்தது. குற்றவாளி சிக்கிவிட்டானே!

"மருந்து கெட்டுப்போச்சு. ஓடத் தண்ணியாவது செவக்கறதாவது," என்றார் என் வீட்டுக்காரர்.

வளையங்களும் தப்பு. வேகமாக ஓடும் தண்ணீரில் அவை கழிவை நைட்ரேட்டாக மாற்றுவதோடு சரி. நைட்ரேட்டைத் தின்னும் கிருமிக்குக் காற்றுப் படாத ஆழமான துளைகள் வேண்டும், தண்ணீரும் மெல்லப் போக வேண்டும். ஆர்க்கிட் வளர்க்கும் என் அண்ணன் தர்மேந்திரன் தொட்டிகளில் போடும் நுரைக்கல் ஞாபகம் வந்தது. ஓடினேன். பெரிய பெரிய கட்டிகளாகப் பொறுக்கினேன்.

"செடிக்குப் போடற சொட்டுக் குழாயும் குடுண்ணே."

"மீனுக்கா? ஒனக்குப் பைத்தியம் முத்திருச்சு," என்றவர், தானே லோரியில் ஏற்றியும் விட்டார்.

கற்களை ஒரு மூடிய வாளியில் நிரப்பி, தொட்டித் தண்ணீர் அதன் வழியே சொட்டுச் சொட்டாகப் போய்த் திரும்பும்படி குழாயை மாட்டினேன். சொட்டு வேகமானால் பலனில்லை. ரொம்பக் குறைந்தால் அழுகிய முட்டை வாடை. டீ ஆற்றிக்கொண்டே திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன். வாரங்கள் போயின, சிவப்பு அசையவில்லை. பிறகு ஒருநாள் ஆரஞ்சு! நான் போட்ட கூச்சலில் ஒரு லோரிக்காரர் டீயை மடியில் கொட்டிக்கொண்டார்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் ஈப்போவிலிருந்து கொழுந்தன் கோகிலன், மீனைக் கொண்டுபோகப் பெரிய பீப்பாயை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் முன்னாலேயே குலுக்கினேன். மஞ்சள். எலுமிச்சை மஞ்சள்!

"பாத்தியா தம்பி! என் கெலா எங்கயும் வராதுலா!" என்று குதித்தேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அதே மருந்தை எடுத்தார். டீக்குக் கொதித்துக்கொண்டிருந்த ஓடைத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து ஆறவைத்து, சொட்டு விட்டுக் குலுக்கினார். சிவந்தது.

"மருந்து கெட்டுப்போவல, மலரு," என்றார். "நம்ம புள்ளைங்க இதத்தான குடிக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நாளும் மீன் ஒன்றையே நினைத்திருக்கிறேன்.

அடுப்பை அணைத்தார். வெளியே போய்ப் பலகையைக் கழற்றினார். பிறகு தம்பியிடம் சொன்னார்: "பீப்பாய எறக்காத. பிரிஞ்சாங் டவுனுக்குப் போயி கவர்மெண்டு பைப்புத் தண்ணி புடிச்சிட்டு வா."