ரேடியோவின் கை

அந்த மனுஷனுக்கு ரேடியோ என்று பேர் வைத்தது அவர் முடி வெட்டுகிற சலூனுக்கு வந்துபோகிற ஆட்கள்தான். ஆனால் அந்த ரேடியோவை வீட்டில் வைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்டவள் அவர் பெண்டாட்டி. காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்தால் படுக்கப் போகும்வரை பேச்சு, பேச்சு, பேச்சு. "தெய்வமே, அஞ்சு நிமிஷம் வாயை மூடுங்களேன், காது வலிக்குது" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். கத்தரிக்கோல் நின்றாலும் வாய் நிற்காது. தலையில் வெட்ட முடியே இல்லாதவன்கூட அந்த வாய்க்காகக் கடையில் வந்து உட்கார்ந்திருப்பான்.

ஒரு நாள் பாதி வெட்டிய தலையோடு ஒருத்தர் நாற்காலியில் இருக்க, இவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற அம்மா இரண்டு தாள் கொடுத்தார். ஒன்று கைக்கு, ஒன்று வாய்க்கு. "ரெண்டும் தினம் செய்யணும். முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் மனுஷன் அரைமணி நேரத்தில் துவண்டுபோகிறார். இரண்டுக்கும் தெம்பு ஏது? எது முக்கியம் என்று அவள் யோசித்தாள். கைதானே! கை இருந்தால் கத்தரிக்கோல், கத்தரிக்கோல் இருந்தால் கடை. வாயா? "அது எங்கே போகப்போகுது? சும்மாவே நிக்காத வாய், தானா வந்துடும்" என்று தங்கச்சியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். வாய்க்கான தாளை மடித்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள்.

ஆறு மாதம் ஒரு நாள் தவறவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். தனக்குக் காய்ச்சல் கொதித்தாலும் எழுந்து வந்து, அவர் உள்ளங்கையில் ஸ்பாஞ்சை வைத்து அமுக்கச் சொல்லி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவாள். ஐம்பதுவரை. நடுவில் அவர் "ப்... ப்..." என்று உதட்டைக் கூட்டுவார். "பேச்செல்லாம் அப்புறம், முதல்ல கை. கவனம் சிதறக் கூடாது" என்று அதட்டுவாள். கொஞ்ச நாளில் அவர் உதட்டைக் கூட்டுவதையும் விட்டுவிட்டார். நல்லதாப் போச்சு, கவனம் வந்துடுச்சு என்று நினைத்தாள், பாவி.

கை வந்தது. கடையைத் திறந்தார்கள். முதல் வாரம் நல்ல கூட்டம். கோடு போட்ட மாதிரி வெட்டினார். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. வந்தவர்கள் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள், "கை அப்படியே இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் அதே ஆட்கள் தெருமுனைக் கடையிலிருந்து முடி வெட்டிக்கொண்டு வெளியே வருவதை அவள் கண்ணால் பார்த்தாள். இவர் காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

பதறிப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு பயிற்சி அம்மாவிடம் ஓடினாள். வாய்க்கான தாளை மடித்து வைத்ததையும் சொன்னாள். அந்த அம்மா அவரை வாய் திறக்கச் சொல்லி, படங்களைக் காட்டி, வெகுநேரம் பார்த்தார்.

"இனிமே வந்தாலும் ரொம்பக் கொஞ்சம்தான் வரும். அந்தத் தாள்ல இருக்கிறதைச் செய்யலை, சரி. ஸ்பாஞ்சை அமுக்கும்போது யாரு எண்ணினது?"

"நான்தான்."

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். "அவரை எண்ண வச்சிருக்கலாமேம்மா."

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஸ்பாஞ்சைத் தேடி எடுத்து அவர் கையில் திணித்தாள். "நீங்க எண்ணுங்க. ஒண்ணுன்னு சொல்லுங்க. என்னங்க, ஒரே ஒரு தடவை. இனிமே வாயை மூடுங்கன்னு சொல்லவே மாட்டேன்."

அவர் ஸ்பாஞ்சை நன்றாக அமுக்கிப் பிடித்தார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. பிடித்தபடியே, அவள் எண்ணுவதற்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.